தங்கைக்கு இரண்டு நட்சத்திரம்

புளியந்தோப்பு யசோதராவுக்குத் திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. ரயிலில் சித்திரக் கதைகள் படிப்பாள். படித்ததைப் பற்றி வாசகர் தளத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதுவாள். அதைப் பார்த்துப் புத்தகம் வாங்குகிறவர்களும் உண்டு.

அவளுக்குப் பிடித்த மாயாஜாலத் தொடரில் அக்கா, தங்கை என்று இருவர்; அக்கா டிராகன் மேலேறி உலகத்தைச் சுற்றுவாள். இந்த வருடம் அதன் கிளைக்கதை வந்தது. அதில் நாயகி, கோட்டையிலேயே தங்கிவிட்ட தங்கை. யசோதரா இரண்டு நட்சத்திரம் போட்டு, ‘கதவைத் திறக்கிறாள், மூடுகிறாள். இவளுக்கு எதற்குத் தனிப் புத்தகம்?’ என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை யசோதராவின் தங்கை எழில்மொழி அதே புத்தகத்தைப் படித்து முடித்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது கல்லூரியை விட்டு வீட்டோடு இருந்துவிட்டவள் அவள்.

“இன்னாக்கா, இப்டி எழ்திக்கீற? எனக்கு இதான் ரொம்ப புட்ச்சிருக்கு.”

“அதுல ஒண்ணுமே நடக்கலியேடி.”

“நடக்குதுக்கா. நீ வூட்ல இருந்தாதான தெரியும்.”

எழில்மொழி கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கப் போனாள். யசோதரா அந்தப் புத்தகத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் ரயிலில் மறுபடி படித்தாள். ஒரு பக்கம் முழுக்க அதே கதவு, பன்னிரண்டு கட்டங்களில். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் வேறு. போன முறை அதை ஒரே நொடியில் புரட்டியிருந்தாள்.

பழைய கருத்தை அவள் அழிக்கவில்லை. ‘அவசரமாகப் படித்துவிட்டேன்’ என்று அதன்கீழ் சேர்த்தாள். மாலையில் போனைத் தங்கையிடம் கொடுத்து, “நீ எழுது” என்றாள். அப்பாவுக்கு அன்று அவளே சாப்பாடு ஊட்டினாள்.

எழில்மொழி ஒரு மணி நேரம் எழுதினாள். நட்சத்திரம் நான்குதான் கொடுத்தாள். டிராகன் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாமாம்.