கார் ஷெட்டில் சுற்றிய நீலத் தண்ணீர்

பணம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கல்லூரியில் முப்பது வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டேன். பாதிப் பேர் தூங்கினார்கள். ஓய்வுபெற்றதும் அந்த அம்புக்குறிகளைத் தண்ணீராக ஓடவிட்டுப் பார்க்கும் ஆசை வந்தது. மூன்று பிளாஸ்டிக் தொட்டி, நான்கு குழாய், பன்னிரண்டு கிளாம்பு, ஓர் ஏர்கூலர் மோட்டார். எல்லாம் கார் ஷெட்டுக்குள் வந்தன. கார் தெருவுக்குப் போனது.

மேல் தொட்டி, வீடுகளின் வருமானம். செலவுக் குழாய் வழியாகத் தண்ணீர் கீழ்த் தொட்டிக்கு, அதாவது கடைக்கும் மில்லுக்கும், இறங்கும். கொஞ்சம் மட்டும் சின்னச் சேமிப்புத் தொட்டிக்குப் போய், மெல்லிய கடன் குழாய் வழியாகக் கீழே வரும். கீழே சேர்ந்ததை மோட்டார் சம்பளமாக மேலே ஏற்றும். ஓட்டம் தெரிவதற்காகச் சொட்டுநீலம் கலந்திருந்தேன்.

"ஞாயித்துக்கெழமை சம்மந்தி வாராருங்க. அவருக்காவது இது என்னன்னு புரியோணும். இல்லீன்னா திங்கக்கெழமை பழைய இரும்புக்காரருக்குப் போட்டுப்போடுவேன்" என்று மனைவி கெடு வைத்துவிட்டாள்.

சம்மந்தி, மகளின் மாமனார், பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருப்பவர். அவர் வந்ததும் கிளாம்புகளை இன்னொரு தரம் இறுக்கிவிட்டு மோட்டாரைப் போட்டேன். நீலம் நிதானமாகச் சுற்றியது. அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காபி என்னவாயிற்று என்று உள்ளே போனேன்.

திரும்பி வருவதற்குள் மோட்டார் வறண்டு அலறியது. மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் காலி. சேமிப்புத் தொட்டி மட்டும் வழிந்து, சம்மந்தியின் வெள்ளை வேட்டி முழங்கால்வரை நீலம். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"என்னங்க ஆச்சு?" என்று அவரைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க சம்மந்தி. இந்தக் குழாய்ல தண்ணி சும்மா ஊத்திக்கிட்டே கெடந்துச்சு. யாரோ மறந்துட்டாங்கன்னு இறுக்கி மூடிப்போட்டேன்."

மூடியது செலவுக் குழாயை! தோப்பில் ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராமல் புகையை மட்டும் பார்த்தவர்; திறந்த குழாயைக் கண்டால் கை சும்மா இருக்காது. எனக்கு ஆத்திரமாக வந்தது. காபியோடு வந்த மனைவி, வழிகிற தொட்டியையும் காய்ந்த தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க, எல்லாரும் செலவை நிறுத்திச் சேத்து வெச்சா, கடைக்காரருக்கு யாவாரம் இல்ல. அப்புறம் சம்பளம் எங்கிருந்து வரும்? இதத்தான சொல்ல வந்தீங்க?"

"இதேதான்!" என்று கத்திவிட்டேன்.

"அப்ப ஊரையே நான் படுக்க வெச்சுப்போட்டனாக்கும்!" சம்மந்தி வேட்டியைப் பிழிந்தபடி சிரித்தார்.

"புது வேட்டி ஒண்ணு எடுங்கண்ணா, ஊரு எந்திரிச்சுக்கும்" என்றாள் மனைவி.

சேமிப்பிலிருந்து இரண்டு குடம் மொண்டு கீழ்த் தொட்டியில் ஊற்றினோம். செலவுக் குழாயைச் சம்மந்தியே திறந்தார். நீலம் மறுபடி ஏறி இறங்கியது. மூவரும் காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் வந்தார். "ஒண்ணுமில்லீங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு, மனைவி மோட்டாரைப் போட்டாள். கார் இன்னும் தெருவில்தான் நிற்கிறது. எவனாவது உரசிவிடுவானோ என்று மணிக்கு நாலு தரம் எட்டிப் பார்க்கிறேன்.