ஓட்டுநருக்குப் பின்னால் தூங்கியவர்கள்

கல்லூரி வாசலை ஒட்டிய பத்தடி அறையில் பத்தொன்பது வருஷமாகத் தட்டச்சும் பைண்டிங்கும் செய்கிறவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் சுழி அக்கா. சும்மா வைக்கவில்லை. ஆய்வு அறிக்கையைக் கொடுத்தால் பேசாமல் தட்டிக் கொடுப்பதுதானே கடைக்காரருக்கு அழகு? இவளுக்கு அது ஆகாது. ‘பெரும்பாலான மக்கள் கருதுகின்றனர்’ என்று ஒரு வரி வந்தால் போதும், கை நின்றுவிடும். எத்தனை பேரைக் கேட்டாய், எங்கே கேட்டாய், எந்தக் கிழமை என்று பிடித்துக்கொள்வாள். பதில் இல்லாத வரியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு சுழி. பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அங்கேதான் போவார்கள்.

பதிலுக்கு அவளும் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பாள், அவரவர் தலைப்பைக் கொண்டே. கொசுவை ஆராய்ந்தவன் கொசு. குப்பைத்தொட்டிகளை எண்ணியவள் குப்பை. படிப்பு முடிந்து, கைக்குழந்தையோடு பார்க்க வந்தபோதும் அவள் “அக்கா, குப்பை வந்திருக்கேன்” என்றுதான் நுழைந்தாள்.

இந்த வருஷம் வந்தவள் நாற்காலி. நூலகத்து வாசிப்புக்கூடத்தை ஐந்து மணிக்கு மேல் பூட்டிவிடுவதாகக் கல்லூரி நிர்வாகம் முடிவு செய்திருந்தது. காரணம், ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மாணவர் அறிக்கை: மாலையில் அங்கே உட்காருகிறவர்களில் நூற்றுக்கு எண்பத்தொரு பேர் தூங்குகிறார்களாம். பின்னால் வந்த ஏழு அறிக்கைகளும் அதையே ஓதியிருந்தன. நாற்காலிக்கோ வீடு என்பது ஒரே அறை. அதில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகள், ஓயாத தொலைக்காட்சி. கூடத்தைப் பூட்டினால் அவள் படிப்பு அவ்வளவுதான். அதையே தன் ஆய்வாக எடுத்து, இருபது மாலை உட்கார்ந்து ஒவ்வொரு நாற்காலியாக எண்ணினாள். தூங்கியவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்.

வழிகாட்டி ஆசிரியர் நம்பவில்லை. எட்டு அறிக்கை ஒரு பக்கம், நீ ஒருத்தி ஒரு பக்கமா என்று கேட்டுவிட்டார். அழுத கண்ணோடு கடைக்கு வந்தவள், ஏழு என்பதை ஐம்பது என்று மாற்றித் தட்டச் சொன்னாள். அக்காவுக்கு வந்ததே கோபம்!

“எண்ணினது நீயா, அவரா? போய் அந்தப் பழைய அறிக்கையக் கொண்டா. எட்டுப் பேரு எண்ணினாங்களா, ஒருத்தர் எண்ணினத எட்டுப் பேரு சொன்னாங்களான்னு பாப்போம்.”

நாற்காலி கொண்டுவந்த பழைய அறிக்கையில் எண்பத்தொன்று நாற்பத்திரண்டாம் பக்கத்து அட்டவணையில் இருந்தது. எழுதியவன் ‘அட்டவணையைக் காண்க’ என்பதோடு முடித்துக்கொண்ட சோம்பேறி. அட்டவணையில் மூன்று வரிசை. ஜன்னலோரம். நடு இருக்கை. ஓட்டுநருக்குப் பின்னால்.

நூலகத்தில் ஏது ஐயா ஓட்டுநர்? ஒன்பது வருஷமாக ஏழு மாணவர்கள், அவர்களுடைய ஆசிரியர்கள், நிர்வாகக் குழு, ஒரு புண்ணியவானும் கூட்டுத்தொகைக்கு மேலே கண்ணை ஓட்டவில்லை. நாற்காலி விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. பேருந்துப் பயணிகளின் தூக்கத்தை ஆராய்ந்த பையன் நினைவுக்கு வந்துவிட்டான். இரண்டு அறிக்கையையும் ஒரே நாளில் தைத்தவள் அவள்தான். காற்றில் தாள்கள் பறந்ததும், பக்க எண்ணை மட்டும் பார்த்து அவசரமாக அடுக்கியதும்கூட நினைவிருந்தது. பேருந்து அறிக்கையைத் தேடி எடுத்தார்கள். அதன் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் வாசிப்புக்கூடம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது: நூற்றுக்கு எட்டு.

அக்காவின் அறைக்கான அனுமதியை வருஷா வருஷம் கல்லூரி முதல்வர்தான் புதுப்பித்துக் கொடுக்கிறார். இந்த மாதம் அதற்கான கெடு. இந்த நேரத்தில் போய், குளறுபடி என் கையால் வந்தது என்று சொன்னால் கடை தங்குமா? நாற்காலிக்கும் அது புரிந்தது. பக்கம் மாறியிருக்கிறது என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன், உங்களைச் சொல்ல மாட்டேன் என்றாள். அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். யார் மாற்றியது என்று கேட்பார்களே, நீயே பிரித்து ஒட்டினாய் என்றால் என்ன செய்வாய் என்றாள். கடையைப் பூட்டி, இரண்டு அறிக்கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலியோடு கிளம்பிவிட்டாள்.

முதல்வர் அறையில் வழிகாட்டி ஆசிரியரும் இருந்தார். அக்கா இரண்டு அறிக்கையிலும் நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

“ஐயா, இந்த ரெண்டு பக்கத்தையும் மாத்தித் தச்சது நான்தான். இந்தப் பொண்ணு எண்ணினது சரி.”

முதல்வர் அட்டவணையை வாய்விட்டுப் படித்தார். ஓட்டுநர் வந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். குழுவில் அந்த எண்ணை மேற்கோள் காட்டியவரே அவர்தானாம். ஆசிரியர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடம் வழக்கம்போல எட்டு மணிவரை திறந்திருக்கும் என்று அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டார் முதல்வர். கடையின் அனுமதியையும் புதுப்பித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு: பக்கம் மாறிய அந்த வருஷம் தைத்த அறிக்கைகள் அத்தனையையும் விடுமுறையில் அக்கா பக்கம் பக்கமாகச் சரிபார்க்க வேண்டும்.

மறுநாள் நாற்காலி தன் அறிக்கையின் கடைசித் தாளைத் தட்டச்சுக்குக் கொடுத்தாள். சான்றுகளின் பட்டியல் அது. பழைய அறிக்கைகள், நூலக வருகைப் பதிவேடு, அதற்குக் கீழே முன்னெழுத்தோடு ஒரு முழுப்பெயர்: அக்காவின் பெயர். ‘பைண்டிங் செய்தவர், நேரில் கூறியது’ என்று தேதியும் போட்டிருந்தது. அந்த மாதிரிப் பட்டியல்களில் எத்தனையோ ஆயிரம் பெயர்களைத் தட்டித் தள்ளிய விரல், இந்தப் பெயரில் தடுமாறி இரண்டு முறை அழித்தது. சந்தோஷம் தாங்காமல், லாரிப் பட்டறையில் வேலையாக இருந்த கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். என்னமோ ஏதோ என்று பதறிப்போனார் மனிதர்.

“ஒண்ணும் ஆகலங்க. ஒரு ஆராய்ச்சியில நான் சொன்னத நம்பி எழுதியிருக்காங்க, என் பேரப் போட்டு.”