தண்ணீர் தீரும்வரை

மாடிப்படி ஏறிக்கொண்டே பேசுகிறார் அக்கா, மூச்சு விடாமல். தோளில் பை, கையில் பாதி கடித்த பன். கோள்கள் வட்டமாகத்தான் சுற்ற வேண்டும் என்று பண்டைக் கிரேக்கர்கள் ஏன் அப்படி அடம்பிடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போகிறார். பின்னால் வரும் சக மாணவர்களுக்கு முதல் பாதிதான் காதில் விழுகிறது. வாக்கியத்தின் வாலை அவரே விழுங்கிவிடுகிறார். 'எக்ஸ்பிரஸ் அக்கா' என்று அவர்கள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும். "எக்ஸ்பிரஸா இருந்தாத்தான்டா நடுவழியில எவனும் ஏற மாட்டான்" என்பார்.

சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது அவர் வாழ்நாள் ஆராய்ச்சியின் முடிவு. பேச்சில் மூச்சு விடுகிற இடத்தில்தான் அடுத்தவர் புகுந்துவிடுகிறார். ஆகவே, அவர் மூச்சு விடுவதில்லை.

பகலில் அவருக்குக் காதுதான் வேலை. மின்சாரம் போனால் ஊரே கூப்பிடும் எண்ணின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறார். ஃபேன் நின்றவர்களும் லிஃப்டில் மாட்டியவர்களும், மின்சாரத்தை அக்காதான் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டதுபோலத் திட்டுவார்கள். கூப்பிடுகிறவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று சுவரில் விதி எழுதி ஒட்டியிருக்கிறது. அக்கா பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். அந்த நல்ல மனத்தினாலேயே மனைவியின் வாக்கியங்களையும் அவரே முடித்துக் கொடுத்துவிடுவார், தப்பும் தவறுமாக. "இன்னைக்கு கிளாஸ்ல" என்று அக்கா தொடங்கினால், "லேட்டா விட்டாங்க, அதானே?" என்பார். பூமி எவ்வளவு பெரியது என்பதை நிழலை அளந்தே கணக்குப் போட்ட ஒருவனைப் பற்றிச் சொல்ல வந்தவர், ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கென்று பல்கலைக்கழகத்தில் நடக்கும் மாலை வகுப்பில் அக்கா படிக்கிறார்: பண்டைய தத்துவமும் அறிவியலும். இந்த வயதில் இது எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அக்கா பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அவர்களே ஒரு பதிலைச் சொல்லித் திருப்தியாகிவிடுவார்கள்.

வகுப்பில் பெஞ்சு நுனியில்தான் உட்காருவார். கால் ஆடிக்கொண்டே இருக்கும். பேனா மூடி கடிபட்டுச் சப்பளிந்திருக்கும். பாடப் பிரதிகளின் ஓரம் முழுக்கப் பென்சிலால் ஒரே கேள்வி: 'யார் சொன்னது?' எல்லாம் நீரால் ஆனது என்றவரிடமும் அதே கேள்விதான், எல்லாம் நெருப்பு என்றவரிடமும் அதே கேள்விதான். சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று ஒரு மாமேதை வாதாடிய பக்கத்தில் மட்டும் பென்சில் முனை காகிதத்தைக் கிழித்துவிட்டிருக்கிறது. கிழிய வேண்டிய பக்கம்தான். மீனையும் முட்டையையும் அறுத்துப் பார்த்து எழுதியவர், தன் வீட்டில் தண்ணீர் சுமந்த மனிதனைப் பற்றி எழுத மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் குருட்டுத்தனத்துக்கும் சேர்த்தே ஞானம் என்று பெயர்.

பேராசிரியருக்குப் பாடத்தின்மேல் உயிர். கேள்வி கேட்பதுதான் தத்துவம் என்பார்; கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். யார் பேசினாலும் அவர் கை தானாக உயரும். "ஒரு நிமிஷம்மா, ஒரு சின்னத் திருத்தம்" என்பார். அந்த நிமிஷம் முடிவில்லாமல் வளரும். போன பருவத்தில் கோள்களைப் பற்றிய அக்காவின் கருத்தரங்கு அப்படித்தான் முடிந்தது. கட்டுரையின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பும்போது மணி அடித்துவிட்டது. மதிப்பெண் தாளில் 'முடிக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள்.

அக்கா நேரே பேராசிரியரின் அறைக்குப் போய்விட்டார்.

"சார், பாதி நேரம் நீங்கதான பேசுனீங்க?"

"விவாதம் இல்லாம தத்துவம் ஏதும்மா? நீங்க இன்னும் கொஞ்சம் வேகமாப் பேசப் பழகணும்" என்றார் பேராசிரியர், உண்மையான அக்கறையோடு.

எக்ஸ்பிரஸைப் பார்த்து அப்படிச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான் என்று மாணவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது முறையும் கருத்தரங்கை முடிக்காவிட்டால் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்பது விதி.

இந்தப் பருவத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு நீர்க்கடிகாரம். பழைய கிரேக்க நீதிமன்றத்தில் அடியில் ஓட்டை வைத்த பானையில் நீர் நிரப்பி, அது வடியும்வரை வழக்காடுபவரைப் பேச விடுவார்கள். வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே அளவு தண்ணீர். படித்த அன்றே குளியலறையைப் பிடித்துக்கொண்டார் அக்கா. ஸ்டூல்மேல் ஒரு பெயின்ட் வாளி, கீழே ஒரு வாளி, ஓட்டையில் பழைய பேனாவின் குழாய். முதலில் சீறிப் பாய்ந்த தண்ணீர் போகப்போகச் சோர்ந்தது. மேலே நிற்கிற நீரின் உயரம் குறையக் குறையப் பாய்ச்சலும் குறையும். நிரப்பினார், வடித்தார், மறுபடி நிரப்பினார். வீட்டுக்காரர் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பைப் லீக்கா? ஆளைக் கூப்பிடட்டுமா?"

"இல்லைங்க, இது..."

"வாஷரு போயிருக்கும்."

 அக்கா குழாயின் வாயைச் சட்டென்று விரலால் அடைத்தார். தண்ணீர் நின்றது. நெடுநேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருத்தரங்கு அன்று பெயின்ட் வாளி மேசைமேல் ஏறியது. ஸ்டூல்மேல் இன்னொரு வாளி. தன் பேச்சுக்கு மணி வேண்டாம், இந்தத் தண்ணீரே கணக்காக இருக்கட்டும் என்று அக்கா கேட்டபோது பேராசிரியர் குழந்தையாகிவிட்டார். வாளியைச் சுற்றிவந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "கடைசிச் சொட்டுவரைக்கும் உங்க நேரம்மா" என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார்.

தண்ணீர் பாயத் தொடங்கியது, அக்காவும். பானை செய்த விதம், நீரின் வேகம், வாதிக்கும் பிரதிவாதிக்கும் சமமாக அளந்த நேர்மை, எல்லாம் வேகமாக ஓடின. பிறகு தான் சொல்ல வந்த இடத்துக்கு வந்தார்.

"தண்ணி சமம்தான் சார். ஆனா அந்த ஊர்ல பொம்பளைக்கும் அடிமைக்கும் பானையே கிடையாது. அவங்க வழக்கையும் வேற எவனோதான் பேசுனான். அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு எந்தப் பொஸ்தகத்துலயும் இல்ல. ஏன்னா..."

பேராசிரியரின் கை உயர்ந்தது. "ஒரு நிமிஷம்மா, ஒரு சின்னத் திருத்தம். அந்தக் காலச் சூழல்ல வெச்சுப் பார்த்தா..."

பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அக்காவின் உதடுகள் வழக்கம்போல் வேகமெடுக்கத் துடித்தன. எடுக்கவில்லை. குனிந்து, குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தார்.

"அந்தக் கோர்ட்ல சாட்சி சொன்னத வாசிக்கும்போது தண்ணிய நிறுத்திருவாங்க சார், அது பேசுறவன் கணக்குல சேராது. நீங்க பேசுங்க."

பேராசிரியர் பேசினார். அந்தக் காலச் சூழல், அந்தக் காலச் சட்டம், அந்தக் காலப் பழக்கம். தண்ணீர்ச் சத்தம் இல்லாத அறையில் அவர் குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டிருக்க வேண்டும். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தார். எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று அவரும் பார்த்தார். நனைந்த ஒரு கட்டைவிரல். உயர்ந்திருந்த கையை மெல்ல இறக்கி மேசைமேல் வைத்தார்.

இனிக் குறுக்கிட யாரும் இல்லை. அக்கா அவசரப்படவில்லை. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றிருந்தது. நிதானமாக, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து விட்டார். பிறகு விரலை எடுத்தார்.