மூர் மார்க்கெட் கோட்டும் திருவள்ளூர்க் குளமும்

ஆனி அமாவாசைக்கு முதல் நாள் காலை ஆறேகால் பாசஞ்சரில் நானும் என் மகள் சுலோச்சனாவும் பொன்னேரியில் ஏறினோம். எழுபத்திரண்டாம் வருடம். அவளுக்கு ஊட்டியில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். அங்கே இந்த மாதங்களில் மழையும் குளிரும் சேர்ந்தே வருமாம். பட்டணத்தில் மேலுக்குப் போட ஒரு உடுப்பு வாங்கிக்கொண்டு, அப்படியே திருவள்ளூர் போய் வீரராகவப் பெருமாளைச் சேவித்து வருவதாக ஏற்பாடு. உடுப்புக்குப் பதினாறு ரூபாய் இருந்தது. தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அவளே சேர்த்த பணம்.

எட்டு மணிக்குப் பட்டணம். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே மூர் மார்க்கெட். பழைய கோட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின, தலையில்லாத ஆட்கள் நிற்பது போல. எனக்குப் புதுச் சிவப்புச் சொட்டர் ஒன்று பிடித்தது. இருபத்திரண்டு ரூபாய் என்றார்கள். பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்பது ரூபாய்.

"சொட்டர் மழைல ஊறிடும் நைனா. பிளாஸ்டிக்கு குளிர் தாங்காது. ரெண்டும் வாங்க டப்பு ஏது?" என்றவள், சாம்பல் நிறத்தில் ஒரு ஆம்பிளைக் கம்பளிக் கோட்டை எடுத்தாள். கடைக்காரரின் தம்ளரிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் விட்டாள். சொட்டுகள் முத்தாக நின்று உருண்டு விழுந்தன.

"பாரு, இறங்கல. பொடவ மேல முட்டி வரைக்கும் வரும். ராத்திரில போத்திக்கினு படுக்கலாம்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. கோட்டில் சுருட்டு வாசம். "யார் போட்டது பாய்? உசுரோட கீறாரா?" என்று கேட்டேன்.

"கோட்டு பேசுச்சின்னா நானே கேட்டிருப்பேன் நைனா," என்றார் பாய். பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். பதினெட்டு சொன்னதைப் பதினாலுக்கு முடித்தாள் என் மகள்.

பட்டணத்திலிருந்து திருவள்ளூர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். வண்டியில் கோட்டு என் மடியில் இருந்தது. செத்தவன் உடுப்போ, நோயாளி உடுப்போ, இதைப் போட்டுக்கொண்டா பெண் படிக்கப் போவது என்ற ஒரே நினைப்பு. அமாவாசைக்கு முதல் ராத்திரி கோயிலில் படுப்பது வழக்கம். மண்டபத்தில் ஜனங்களோடு ஜனமாகப் படுத்தோம். எல்லோரும் மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டார்கள். நான் கோட்டைக் காலடியில் தள்ளி வைத்தேன்.

காலையில் குளத்தில் நல்ல கூட்டம். பாவம் தீர முழுக்குப் போடுகிறவர்களும், வியாதி கரைய வெல்லம் கரைக்கிறவர்களும். சுலோச்சனா வெல்லம் வாங்கப் போனாள். அவள் போனதும் கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கோவிந்தா கோவிந்தா என்று மூன்று முழுக்கு. கன்றுக்குட்டி கனம் கனத்தது. வேட்டி துவைக்கிற மாதிரி கல்லில் நாலு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து, வெயில் விழுந்த படியில் விரித்துப் போட்டேன். தோஷம் போயிற்று என்று என் நெஞ்சு நிறைந்திருந்தது.

அவள் வந்து பார்த்தாள். வெல்லத்தைக் குளத்தில் கரைத்தாள். சேவித்துவிட்டுத் திரும்பி வரும்போது வெயில் ஏறிக் கோட்டு அரைவாசி காய்ந்திருந்தது. கம்பளி சுண்டிப்போய், உள்துணி மட்டும் கீழே தொங்கியது. போட்டுப் பார்த்தாள். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. மார்பில் பொத்தான் எட்டவில்லை.

"தீட்டு போயிடுச்சா நைனா?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினொன்றரைக்குப் பேருந்து. செங்குன்றம் வழியாகப் பொன்னேரி. கண்டக்டர் என் மடியைப் பார்த்து, "இன்னா நைனா, பேரப்புள்ளைக்குக் கோட்டா? எந்த ஊர்ல பனி பேயுது?" என்றான். பேருந்தே சிரித்தது.

"எனக்குத்தாண்ணே," என்றாள் சுலோச்சனா. "சைஸ் பாக்காம வாங்கிட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செங்குன்றம் ஏரி வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

வீட்டிலும் அதையே சொன்னாள். என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "படிச்ச பொண்ணுதானே நீ? போட்டுப் பாத்து வாங்கறதுக்கு இன்னா? இப்ப குளிருல இன்னாத்த போடுவே?" என்று பிடித்துக்கொண்டாள். மகள் தலை குனிந்து சாப்பிட்டாள்.

"நான்தான் குளத்துல முக்கி அடிச்சேன்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மனைவிக்குக் கேட்டுவிட்டது. எனக்கு ரசம் ஊற்றினாள்.

புரட்டாசியில் திருப்பதி போக மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்திருந்தேன். விளக்கேற்றி, "கொஞ்சம் பொறுத்துக்கோ பெருமாளே," என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தேன். மறுநாள் அதே ஆறேகால் வண்டி. இந்த முறை தனியாக.

பாய்க்கு என்னை அடையாளம் தெரிந்தது. "கோட்டு பேசிச்சா நைனா?" என்றார். பேசிற்று என்றேன். அதே நீளத்தில் கறுப்பு ஒன்று எடுத்துக் கொடுத்தார். அவர் தம்ளரிலிருந்து இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். உருண்டு விழுந்தன.

இதிலும் யாருடைய சுருட்டு வாசமோ அடித்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. மடித்து மடியில் வைத்து, கரித்தூள் படாமல் மேல்துண்டால் மூடி, பொன்னேரி வரைக்கும் அப்படியே கொண்டுவந்தேன்.