சொல்லாமல் உருவிய நரம்பு

தொண்ணூறுகளின் நடுவில், கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்த்தேன். கடை திறந்தது முதல் ஷட்டர் இறக்கும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆளே வராத மத்தியானத்திலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடை தூங்குவதுபோல் தெரியுமாம். அதைச் சொன்ன மேனேஜர் மட்டும் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியில் இருப்பார்.

என் இடதுகாலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொண்டு வந்தது. சாயந்தரமானால் கால் கனத்து, கணுக்கால் வீங்கிவிடும். புடவையைத் தாழ்த்திக் கட்டி மறைத்துக்கொண்டேன்.

ஒரு முகூர்த்த மாதத்தில், அவிநாசியிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பத்துக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தபோது, கணுக்காலில் சூடாக ஏதோ வழிந்தது. குனிந்து பார்த்தால் ரத்தம். வலியே இல்லை. நரம்பு வெடித்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். "ஏனுங்க, பட்டுச்சேலையை மொதல்ல எடுங்க, கறை பட்டுறப் போகுது" என்றார்.

மணப்பெண்ணின் அம்மாதான் என்னைப் படுக்கவைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் போட்டு, துண்டை மடித்து அழுத்திப் பிடித்தார். "மனுசி ரத்தம் கொட்டிட்டுக் கெடக்கறா, உங்களுக்குச் சேலை பெருசாப் போச்சுங்களா?" என்று அவர் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தது என் காலை, பேசியது என் வீட்டுக்காரரிடம். "சின்ன ஆபரேசனுங்க. நரம்பை எடுத்துட்டாச் சரியாப் போயிரும்." லேசர் என்ற பேச்செல்லாம் எங்கள் காதுக்கு வராத காலம். தொடை இடுக்கில் கீறி, கெட்ட நரம்பைக் கம்பி விட்டு உருவுவார்கள் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதுகில் ஊசி போட்டபோதுகூட எதற்கென்று யாரும் சொல்லவில்லை.

ஆபரேசன் முடிந்து, காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்ததும் அலறிவிட்டேன். தொடையிலிருந்து கணுக்கால்வரை கருநீலம். கால் அழுகிவிட்டது, வெட்டிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

"ரத்தம் கட்டியிருக்குதும்மா. தன்னால கரைஞ்சிரும்" என்றார் டாக்டர்.

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னாப் பயந்துக்குவீங்க."

"தெரியாமத்தானுங்க பயந்து செத்தேன். இது என்ற காலுங்க. அவரு காலில்ல."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அதன் பிறகே டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். இறுக்கமான எலாஸ்டிக் உறை போட வேண்டும், நடக்க வேண்டும், படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும், வெகுநேரம் நிற்கவே கூடாது. கணுக்கால் ஓரத்தில் உணர்வில்லாமல் மரத்துப்போன இடம் அப்படியே தங்கிவிடலாம். தங்கித்தான் விட்டது.

கடைக்குத் திரும்பி ஒரு ஸ்டூல் கேட்டேன். "நிக்க முடியாதுன்னா வேற எடம் பாத்துக்க அம்மணி" என்றார் மேனேஜர். வந்த ஆத்திரத்தில், வாடிக்கையாளர் நாற்காலியைக் கடை நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நரம்பை உருவிப்போட்டு வந்திருக்கறனுங்க. நிக்க மாட்டேன்."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கூட வேலை பார்த்த பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள்மேலும் கோபம்தான். அந்தச் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டு உலை கொதித்தது என்று தெரிந்தும் கோபம்.

பிறகு ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை கிடைத்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி ஒருநாள் அங்கே வந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். அதே நீல முடிச்சு. ஊசி, கீறல், கருநீலம், உறைக்குள் எடுக்கும் அரிப்பு, எதையும் விடாமல் சொன்னேன். "வலிக்கும். ஆனாக் கால் போவாது" என்றேன்.

ஆஸ்பத்திரிக்கும் அவளோடு போனேன். வேறு டாக்டர். அவரும் அவள் அண்ணன் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

"அவகிட்டச் சொல்லுங்க" என்றேன். 'ங்க' வந்ததே தவிர, குரலில் மரியாதை இல்லை.