குமிழி வராத ட்ரம்பெட்

சிலிண்டர் ஆலையில் என் அக்காவுக்குக் குமிழி என்று பெயர். எரிவாயு நிரப்பிய சிலிண்டர்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அந்தத் தொட்டிக்கு வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். கேலிக்கு வைத்த பெயர் அது. மறுநாளே தன் சாப்பாட்டு டப்பா மூடியில் ஆணியால் 'குமிழி' என்று கீறிக்கொண்டு போனாள். கேலி செய்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவள் அப்படித்தான். கட்டிக்கொடுத்த வீட்டில் சத்தம் போட்டுச் சிரிக்காதே என்று சொன்னதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் தையல் கடை மாடிக்கு வந்து சேர்ந்தவள். அதன் பிறகு நாங்கள் இருவரும்தான் குடும்பம். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். இருந்தும் அவளோடு வாதாடி ஒருநாளும் ஜெயித்ததில்லை.

ஆலையில் தொழிலாளர் பேண்டு ஒன்று உண்டு. ஸ்டோர் கீப்பர்தான் அதற்கு மாஸ்டர். ட்ரம்பெட் ஊதியவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார், அவர் இடம் காலியாகவே கிடந்தது. ஸ்டோர் மூலையில் ஒரு பழைய ட்ரம்பெட்டும் தூசி மண்டிக் கிடந்தது. அக்கா சாப்பாட்டு இடைவேளையில் அதை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிக் கொட்டகைக்குப் பின்னால் ஊதிப் பழகினாள். ஆரம்பத்தில் மாடு கத்துவதுபோல் இருந்ததாம். இரண்டு வருடத்தில் பேண்டு வாசிக்கிற பாட்டெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அப்புறம்தான் போய், அந்தக் காலி இடத்தைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டாள்.

மாஸ்டர் செய்த முதல் காரியம், அந்தப் பழைய ட்ரம்பெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியது.

"இது பேண்டு ஆளுங்க தொடுறது."

"அப்ப என்னை பேண்டுல சேர்த்துக்கோங்க சார்."

"சொந்தமா வாத்தியம் வச்சிருக்கிறவங்களைத்தான் சேர்ப்போம். அதுவும் இல்லாம, இதுக்கு நெஞ்சுல தம் வேணும்மா. பொம்பளைங்களுக்கு அது வராது."

சொந்த வாத்தியம் என்கிற சட்டம் அந்த நிமிஷம்தான் பிறந்தது. டிரம் அடிப்பவருக்கே சொந்தமாக டிரம் கிடையாது, அதுவும் ஆலை வாங்கிக் கொடுத்ததுதான். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும். அக்கா கத்தவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, "நாளைக்குக் கடையைப் பூட்டு. ட்ரம்பெட் வாங்கப் போறோம்" என்றாள்.

பழைய வாத்தியம் விற்கும் கடை அது. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்.

"பையனுக்காம்மா?"

"எனக்கு."

அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அவளுக்குத்தான்" என்றேன்.

அக்கா அதன் மூன்று பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்தி விட்டாள். விரலை எடுத்ததும் துள்ளி மேலே வரவேண்டும், தயங்கினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. அப்புறம் வளைந்த குழாய்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். வருடக்கணக்கில் இழுக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிப்பதற்குள் குழாயே முறிந்துவிடும். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே அதன் குழாயை வெடுக்கென்று உருவினாள். 'பொட்' என்றது. அந்தச் சத்தம் வந்தால் காற்று உள்ளே இறுக்கமாக நிற்கிறதாம். வாய் வைத்து ஊதும் பக்கத்துக் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வருகிறதென்று அர்த்தம். ஸ்டோர் ட்ரம்பெட்டோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்ட சங்கதிகள் இவை. இதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அண்ணே, பெரிய டப்புல தண்ணி கிடைக்குமா?"

வேடிக்கை என்று நினைத்து அவரும் பின்பக்கத்துத் தொட்டியைக் காட்டிவிட்டார். அக்கா பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து ட்ரம்பெட்டின் அகன்ற வாயில் அழுத்திச் சொருகினாள். ஊதும் முனையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை என் வாயில் திணித்தாள். "ஊது" என்று சொல்லிவிட்டு ட்ரம்பெட்டை அப்படியே தண்ணீருக்குள் அமுக்கினாள்.

கடைக்காரர் ஓடி வந்தார். "அம்மா, என்னம்மா இது? அது ட்ரம்பெட்டும்மா, சைக்கிள் ட்யூப் இல்ல."

"காத்து அடைச்சு வைக்கிற எதுவும் எனக்கு ஒண்ணுதான். நீ ஊதுடி."

கன்னம் வலிக்க ஊதினேன். பற்றவைத்த மூட்டு ஒன்றிலிருந்து சரசரவென்று குமிழி கிளம்பியது. "நல்லா மெருகு போட்டிருக்கீங்க அண்ணே" என்று அவரிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலமாரிக்கு மேலே கிடந்த இன்னொன்றைக் கேட்டாள். நிறம் போய், யாரோ மேலே உட்கார்ந்த மாதிரி அகன்ற வாயின் விளிம்பு நசுங்கியிருந்தது. "விளிம்பு நசுங்கினா பரவால்ல. ஊதுற பக்கத்துக் குழாய் நசுங்கக் கூடாது" என்றாள். எல்லாச் சோதனையும் மறுபடி நடந்தது. மூட்டு எதிலும் ஒரு குமிழி இல்லை. அதைத்தான் வாங்கினோம். கடைக்காரர் எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார், மரியாதைக்கா நிம்மதிக்கா தெரியாது.

ஆனால் சிலிண்டருக்குப் பொத்தான் கிடையாது. ட்ரம்பெட் பொத்தான்களுக்கு அடியில் சின்னச் சின்னக் கம்பளி வளையங்கள் உண்டு, உள்ளே எண்ணெயும் உண்டு. முழுசாக முக்கியதில் எண்ணெய் கழுவிப் போய், கம்பளி ஊறி உப்பிவிட்டது. கடையில் பொங்கி வழிந்த சந்தோஷத்தில் எங்களுக்கு அது உறைக்கவில்லை. மறுநாள் மாஸ்டர் முன்னால் அக்கா வாசித்தபோது நடுப் பொத்தான் அழுந்தியது அழுந்தியபடியே நின்றுவிட்டது. பாட்டு பாதியில் கோணிக்கொண்டு போனது.

"வாத்தியமும் நசுங்கல், வாசிப்பும் நசுங்கல்" என்றார் மாஸ்டர். பேண்டு ஆட்கள் சிரித்தார்கள்.

"தப்பு என்னோடது சார். தண்ணில முக்கினேன். இன்னொரு தடவை வாசிக்கிறேன்."

"வேணாம்மா. போய் குமிழியைப் பாரு."

அன்று மாலை ஒரு பழைய கம்பளித் தொப்பியை வெட்டி மூன்று புது வளையம் செய்து கொடுத்தேன். அக்கா எண்ணெய் போட்டுப் பூட்டினாள். மறுநாள் பேண்டு கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தபோது, இவள் கொட்டகையில் நின்று ட்ரம்பெட் வரவேண்டிய இடங்களில் மட்டும் ஊதினாள். அதற்கு மறுநாளும் ஊதினாள். மாஸ்டர் ஆள் அனுப்பி நிறுத்தச் சொன்னார். "இடைவேளையில ஊதக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டு அனுப்பினாள். கொஞ்ச நாளில் டிரம்காரர் அவள் சத்தம் வருவதற்காகக் காத்திருந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆலையின் ஆண்டு விழா நெருங்கியபோது மாஸ்டரே தொட்டிப் பக்கம் வந்தார்.

"முதலாளி வர்றாரு. என் மச்சான் புது ட்ரம்பெட்டோட முன்னாடி நிப்பான், பார்க்க லட்சணமா இருக்கும். நீ திரைக்குப் பின்னாடி நின்னு ஊதிடு. ரெண்டு பேருக்கும் நல்லது."

"அவர் ஊத மாட்டாரா?"

"சும்மா கன்னத்தை உப்பிட்டு நிப்பான்."

"நான் திரைக்குப் பின்னாடி ஊத மாட்டேன் சார். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலைன்னு சொல்லக்கூடாது."

அவர் சிரித்தார். "உன்னால ஊதாம இருக்க முடியாது. வந்துடுவே."

விழாவன்று நாங்கள் நாற்காலி வரிசையின் நடுவில் உட்கார்ந்தோம். பை அவள் மடியில் இருந்தது. அந்தப் பாட்டில் முதலில் டிரம் முழங்கி நிற்கும், பிறகு ட்ரம்பெட் தனியாக எடுக்கவேண்டும். டிரம் முழங்கி நின்றது. மச்சான் கன்னத்தை உப்பினான். சத்தமே இல்லை. மாஸ்டர் திரைப் பக்கம் திரும்பி, கையால் ஜாடை காட்டினார். டிரம் மறுபடி முழங்கி நின்றது. மச்சான் காது வரைக்கும் சிவந்துபோனான்.

"போ அக்கா" என்றேன்.

"இரு. இன்னொரு தடவை தேடட்டும்."

மூன்றாம் தடவையும் மாஸ்டர் திரையைத்தான் பார்த்தார். அப்போது அக்கா எழுந்தாள். மேடைக்கு ஏறுவதற்குள் ட்ரம்பெட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டாள். முதல் வரிசையில், மச்சானுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கீழே இறங்கு என்று மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எங்களுக்கே கேட்டது.

"ஆரம்பிங்க" என்றாள் அக்கா. அவரிடம் இல்லை, டிரம்காரரிடம்.

டிரம்காரர் மாஸ்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆரம்பித்தார். அவர் நிறுத்திய இடத்தில் அக்கா எடுத்தாள். மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய் வந்தது அந்தச் சத்தம், ஒரு இடத்தில்கூடப் பிசிறவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் குனிந்து, "யாருங்க அந்தம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என் அக்கா" என்றேன், முன் வரிசை திரும்பிப் பார்க்கும்படி.