இடப்பக்கத்துக் கதிரை

எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்க இரண்டு இடம் உண்டு. ஹோலில் இருப்பது மகன் செந்தூரன் ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்பி வாங்கிவைத்தது. பெரிய ரீவி, அதற்குக் கீழே நீளமாய் ஒரு ஸ்பீக்கர். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளப்பதற்கு அது போதும். மற்றது பின்னறையில், கடலைப் பார்த்த யன்னலுக்குக் கீழே. அறையின் இந்த மூலையில் ஒரு மர ஸ்பீக்கர், அந்த மூலையில் இன்னொன்று. நடுவில் பழைய ரிசீவர், அதாவது வானொலியும் சத்தத்தைப் பெருக்குகிற பொறியும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய சாமான். அதைப் பார்த்தபடி இரண்டு சாய்மனைக் கதிரைகள். வலப்பக்கத்தது எனக்கு. இடப்பக்கத்தது என் மனைவி உதயகலாவுக்கு.

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் பின்னேரம் மூன்று மணியளவில் கடலிலிருந்து ஒரு காற்று எழும்பும். யன்னல் சீலை உள்ளே வரும், வெளியே போகும். வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் திரும்பி வந்து எங்கள் முகட்டில் நெளியும். அந்த நேரத்தில் பாட்டைப் போட்டுவிட்டுச் சாய்ந்தால், நித்திரையா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலை வரும். எந்த வருடத்தில் இருக்கிறோம் என்பதுகூட மறந்துபோகும். இடையில் அவள் ஏதாவது சொல்வாள், நான் ஏதாவது சொல்வேன், பாட்டு எங்கள் கதைக்குள்ளால் போய்க்கொண்டிருக்கும். எங்கள் வாழ்க்கையில் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கழித்தால் மிஞ்சுவது சமையலும் மருந்துக் குளிசையும்தான்.

உதயகலா முப்பது வருடம் தபாற் கந்தோரில் வேலை செய்தவள். முத்திரை விற்றாள், தந்தி வந்த காலத்தில் தந்தி வாசித்தாள், கண் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதினாள். ஆள் வந்து நின்றால் தலையை ஒரு பக்கம் சரித்து, கண்ணை அவர் வாயில் வைத்து, கடைசிச் சொல்வரை கேட்பாள். இப்படிப் பொறுமையாய்க் கேட்கிற உத்தியோகத்தரை வேறெங்கும் காணவில்லை என்று சனம் சொல்லும். எனக்குக் கேட்கப் பெருமையாக இருக்கும். நான் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவன். என்னைப் பற்றி அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

அவளிடம் ஒரு பிடிவாதமும் உண்டு. எங்கள் கலியாணங்களில் தாலி கட்டி முடிந்ததும் பெண்ணை மாப்பிள்ளையின் வலப்பக்கத்திலிருந்து எழுப்பி இடப்பக்கத்தில் இருத்துவார்கள். மற்றப் பெண்கள் அதை மணவறையோடு மறந்துவிடுவார்கள். இவள் மறக்கவில்லை. சந்தைக்கு நடந்தால் என் இடப்பக்கம். பஸ்ஸில் இருந்தால் இடப்பக்கம். யாராவது வீட்டில் விருந்துக்குப் போய் நான் தவறிப்போய் மாறி இருந்துவிட்டால் எழும்பிச் சுற்றிவந்து மற்றப் பக்கம் இருப்பாள். "ஐயருக்குக்கூட உம்மளவு சாத்திரம் தெரியாதப்பா" என்று பகிடி பண்ணுவேன். சிரித்துவிடுவாள்.

அவள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து ஊரோடு வெளிக்கிட்டபோது, மழையில், பொழுதுபடுகிற நேரம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நாங்களும் நடந்தோம். நான் சைக்கிளை உருட்டினேன். சைக்கிளுக்கு அந்தப் பக்கமாக அவள், கரியரில் இருந்த செந்தூரனைப் பிடித்தபடி வந்தாள். சனம் நெருக்கி ஓரடிக்கு ஒரு நிமிடம் என்று நகர்ந்த இடத்தில், அவள் பக்கம் திரும்பினேன். "உம்மைக் கட்டினபடியாத்தான் நான் இண்டைக்கு விழாமல் நடக்கிறன்" என்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒன்றை நான் சொன்னது அன்றைக்கு மட்டும்தான். அவள் பதில் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. சரி, இவளுக்கு இந்த மாதிரிக் கதை பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நான் சொல்லவும் இல்லை.

பழைய ரிசீவரை, சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த காலத்தில் கொழும்பில் பாவித்த சாமான் கடையொன்றில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வந்த அன்றைக்கே உதயகலா அதிலிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தாள். மோனோ என்ற பொத்தானை அமத்தியதும் அதோடு நிறுத்திக்கொண்டாள். ஸ்ரீரியோவில் பாடுகிறவர் ஒரு ஸ்பீக்கரிலும் வயலின் மற்றதிலும் பிரிந்து வரும். அதில்தான் அழகே. மோனோவை அமத்தினால் எல்லாவற்றையும் கலந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஊற்றும். நான் பொத்தானை வெளியே எடுப்பேன். அவள் திரும்ப அமத்துவாள். ஸ்ரீரியோ வாங்கி மோனோவில் கேட்கிற வீடு யாழ்ப்பாணத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று அவளைக் கிண்டல் பண்ணிப் பண்ணி, கடைசியில் நான்தான் தோற்றேன். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பொத்தான் உள்ளேயே கிடந்தது.

போன ஐப்பசியில் ஒரு இடி மழையோடு ரிசீவர் செத்தது. கஸ்தூரியார் வீதிப் பக்கம் பாவித்த செற் வாங்கி விற்கிற ஜெரிசனிடம் கொண்டுபோனேன். நாற்பது வயது மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"அண்ணை, இதுக்கு இனிச் சாமான் வராது. வேறை ஒண்டு பாப்பம்."

செந்தூரனிடம் சொன்னேன். அங்கே வீட்டுக்கு வீடு சும்மா எறிகிறார்கள், ஒன்றைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன் என்றான். கனடாச் சாமானுக்கு நூற்றிப்பத்து வோல்ற், இங்கே இருநூற்றி முப்பது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் அப்படி வந்ததை நேரே செருகி, வீடு முழுக்கச் சாம்பிராணி பிடித்தவர். வேண்டாம் என்றுவிட்டேன். பின்னறைக்கு வைக்கிற செற்றுக்கு மகனின் காசையும் கரைக்க விருப்பமில்லை. என் பென்சனுக்குள் வருகிற மாதிரி ஒன்று போதும்.

ஜெரிசனின் கடையில் கடைசியாக இரண்டு நின்றன. ஒன்று புதுச் சீனச் சாமான். நீல வெளிச்சம், போனிலிருந்து வயர் இல்லாமலே பாட்டு, ஒரு வருட உத்தரவாதம், பெரிய வோற்ஸ். மற்றது யப்பான் ரிசீவர், எங்களுடைய பழையதற்குத் தமையன் மாதிரி. முகத்தில் ஒரு கீறல், ரேடியோ முள்ளுக்குப் பின்னால் எரியவேண்டிய பல்ப் எரியவில்லை, பக்கத்துக்கு இருபத்தைந்து வோற்ஸ்தான். விலை இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

"என்னைக் கேட்டால் பழசு அண்ணை. சத்தம் களைக்காது" என்றார் ஜெரிசன்.

வீட்டுக்கு வந்து உதயகலாவிடம் விபரம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் ஒன்றுதான் கேட்டாள்.

"உந்த மோனோப் பொத்தான் எதிலை இருக்கு?"

"பழசிலை. உமக்கு உது என்னத்துக்கப்பா?"

"சும்மா கேட்டனான்" என்றாள்.

சும்மா என்றால் சும்மாதானே. அடுத்த நாள் போய்ப் புதியதை வாங்கிவந்தேன். இந்த முறையாவது ஸ்ரீரியோவை ஸ்ரீரியோவாகக் கேட்போம் என்ற வீம்பும் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

முதல்நாள் வந்து இருந்தாள். நன்றாய் இருக்கிறது என்றாள். இரண்டாம் நாள் பாதியில் எழும்பிப்போய், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலை வெயிலிலிருந்து எடுத்தாள். ஒரு கிழமைக்குள் மூன்று மணிக்கு அவளுக்கு ஆயிரம் வேலை முளைத்தது. காற்று வந்தது, சீலை ஆடியது, முகட்டில் வெளிச்சம் நெளிந்தது, இடப்பக்கத்துக் கதிரை வெறுமையாய்க் கிடந்தது. நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நான் தனியே இருந்தேன். பாட்டு நல்ல தெளிவாகத்தான் கேட்டது. எனக்குக் கேட்க மனமில்லை. ஒரு பொத்தானுக்காக இவ்வளவு கோபமா என்று கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே பயமும் இருந்தது. அந்த ஒரு மணித்தியாலம் ஒருமுறை விட்டுப்போனால் எங்கள் வயதில் திரும்பி வருமா?

தை பிறந்து ஒரு நாள், அலுமாரியில் துழாவியபோது ஒரு கசெற் கிடைத்தது. எங்கள் கோயில் திருவிழாவில் நடந்த பாட்டுக் கச்சேரி. பாடுகிறவருக்கு முன்னால் ஒரு மைக், வயலின்காரருக்கு முன்னால் ஒரு மைக் என்று இரண்டு வைத்து நானே பதிந்தது. பழைய கசெற் பிளேயரைச் செற்றில் கொளுவிவிட்டு, கெஞ்சிக் கூப்பிட்டு அவளைக் கொண்டுவந்து இருத்தினேன். அன்றைக்கு விரதம், காலையிலிருந்து அலைச்சல். சாய்ந்ததும் கண் மூடிக்கொண்டாள். பாட்டு மெதுவாகப் போனது. நாங்கள் இரண்டு பேரும் அந்த நித்திரைக்கும் விழிப்புக்கும் இடையிலிருக்கிற இடத்துக்குத் திரும்பப் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. இடப்பக்கத்து ஸ்பீக்கரில் வயலின் தனியே எழும்பி இழைந்தது. அப்படி ஒரு இழைப்பு.

உதயகலா கண்ணைத் திறக்காமல் சொன்னாள், "பாவம், வயலின்காரர் ஏன் மதிலுக்கு அங்காலை இருந்து வாசிக்கிறார்?"

நான் சிரிக்கத்தான் வாய் திறந்தேன். வயலின் அவளுடைய கதிரைக்குப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவளுடைய இடக் காதுக்கு நேரே, நாலடி தூரத்தில். நான் கையை நீட்டி, அந்தக் காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினேன். இமைகூட அசையவில்லை.

பாட்டைக் குறைத்தேன். அவள் கண் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். என் கை இன்னும் அந்தரத்தில் நின்றது. நான் ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"தொண்ணூறிலை, பக்கத்து வளவிலை குண்டு விழேக்கை போனது" என்றாள். "உங்கடை ஆக்கள் பொம்பிளை பாக்க வரேக்கை, இப்ப சொல்லாதை எண்டு அம்மா சொல்லிப்போட்டா. மூண்டு மாதம் போகச் சொல்லுவம் எண்டு நினைச்சனான். பேந்து செந்தூரன் வயித்திலை. பேந்து இடம்பெயர்வு. அதுக்குப் பிறகு சொன்னால், இவ்வளவு நாளும் ஏமாத்தினவள் எண்டு நினைப்பியள் எண்டு பயமாக் கிடந்துது."

"அப்ப உந்தப் பொத்தான்..."

"அதை அமத்தினால் எல்லாம் ஒரு பக்கத்தாலையே கேக்கும்."

"கதிரையை மாத்தியிருந்து பாத்திருக்கலாமே?"

"எதிலை இருந்தாலும் ஒரு ஸ்பீக்கர் செத்த பக்கம்தானே. உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால், நீங்கள் கதைக்கிறதாவது கேக்கும்."

சந்தையும் பஸ்ஸும் விருந்து வீடுகளும் வரிசையாய் என் முன்னால் வந்து நின்றன. முப்பது வருடத்துக்கு மேலாக நான் சாத்திரம் என்று பகிடி பண்ணியது, என் குரலைத் தவறவிடாமல் இருப்பதற்காக அவள் எழும்பிச் சுற்றி நடந்த நடை. இது கலியாணத்துக்கு முன்னம் தெரிந்திருந்தால் என் அம்மா அந்தச் சம்பந்தத்தைத் தொட்டும் பார்த்திருக்கமாட்டா. நான் அம்மாவோடு சண்டை பிடித்திருப்பேனா? அந்த வயதில் மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவள் சொல்லாமல் விட்டது என் நல்ல காலம்.

மறுநாள் காலை சீனச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஜெரிசனிடம் போனேன். கீறல் விழுந்த யப்பான் ரிசீவர் இன்னும் அதே தட்டில் இருந்தது. ஏன் மாற்றுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. "சொன்னனான்தானே அண்ணை" என்று மட்டும் சொல்லி, பொத்தான்களைத் துடைத்து, எரியாத பல்புக்குப் புதியது போட்டுத் தந்தார்.

மூன்று மணிக்குக் காற்று வந்தது. உதயகலா தன் கதிரையில் இருந்தாள். ரேடியோ முள்ளுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. அதே கசெற்றைப் போட்டு, மோனோப் பொத்தானை நானே அமத்தினேன். பாட்டும் வயலினும் ஒன்றாய்க் கலந்து அறை முழுக்க வந்தன. அவள் தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். வயலின்காரர் மதில் தாண்டி உள்ளே வந்துவிட்டார் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. நானும் சாய்ந்தேன். முகட்டில் தண்ணீர் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கிடக்க, மழையும் சைக்கிளும் நினைவுக்கு வந்தன. சைக்கிளுக்கு அந்தப் பக்கம், எனக்கு வலப்பக்கமாக நடந்த உதயகலாவும் நினைவுக்கு வந்தாள்.

நான் நிமிர்ந்து இருந்தேன்.

"இஞ்சாரும். தொண்ணூற்றஞ்சிலை பாலத்தடியிலை நான் ஒண்டு சொன்னனான்."

"எப்ப? நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள் அவள். "வழி முழுக்க வாயே திறக்கேல்லை. அவ்வளவு தூரம் நடந்து வாறன், என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை எண்டு எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமோ? அந்தக் கோவம் இன்னும் முழுக்கப் போகேல்லை."

அவளுடைய வலக் காதுப் பக்கம் குனிந்து, அன்றைக்குச் சொன்னதைச் சொன்னேன். பாட்டு அந்த நேரம் பார்த்து உச்சத்தில் நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள்.

"உந்தப் பாட்டை நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

இவ்வளவு அலைந்து வாங்கிய ரிசீவரை நிறுத்தினேன். திரும்பவும் சொன்னேன்.